பன்னிரண்டாவது பெயர்

யாரம்பக்
14 நவம்பர் 1993

அன்புள்ள டெஸ்,

நம் பள்ளிக்கூடத்தை மூடுகிறவர்கள் அதில் படித்தவர்கள்தான். நீயும் அவர்களில் ஒருவன்.

இதை முதலில் எழுதினால்தான் நலம் விசாரிக்கக் கை வரும். நீயும் பிலிப்பாவும் இமோஜனும் நன்றாக இருக்கிறீர்களா? இங்கே அறுவடை பாதி முடிந்துவிட்டது. உன் மச்சான் கிளைவுக்கு இடுப்புவலி, அதைவிட அதிகமாகச் சிடுசிடுப்பு. எங்கள் பெண் பெலிண்டா என் தோளைத் தாண்டிவிட்டாள்.

விஷயம் இதுதான். பள்ளிக் குழுத் தலைவி என்ற முறையில் எனக்குக் கல்வித் துறையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பிப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை ஓர் அதிகாரி வந்து தலை எண்ணுவார். பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தால் பள்ளி நீடிக்கும். ஒன்று குறைந்தாலும் முதல் பருவத்தோடு பூட்டு. அதன்பிறகு ஐந்து வயதுக் குழந்தைகூட ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் பேருந்தில் போய்வர வேண்டும். அடுத்த வருடத்துக்கு எங்களிடம் இருப்பது பதினோரு பேர்.

ஊரில் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. டெட் ஹாக்கிங் தன் மூன்று பேரையும் தனியார் விடுதிப் பள்ளியில் விட்டிருக்கிறான். செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "ராஸ், எம் பசங்களுக்கு நல்லது பண்ணணும்னு நெனச்சேன். அது ஒரு தப்பா?" என்றான்.

"இங்க படிக்கிற பதினோரு பேரோட அப்பா அம்மா என்ன, கெட்டது பண்ணணும்னா நெனச்சாங்க?"

"நான் அப்படிச் சொல்லல."

"நீ எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டது எங்க, டெட்?"

"கத்துக்கிட்டேனான்னே சந்தேகமாத்தான் இருக்கு" என்றான். கூடமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அதுதான் எனக்கு ஆத்திரம். இந்த ஊர் எதையும் சிரித்துக்கொண்டே கைவிட்டுவிடும்.

உன் மகளின் பள்ளியில் அரசு மானியத்தில் படகுக் கொட்டகை கட்டியதாக நீயே ஆகஸ்டில் எழுதியிருந்தாய். இங்கே வகுப்பறைக் கூரை ஒழுகுகிறது, அதற்கு வாளி வைத்திருக்கிறோம். அதே அரசு, அதே வரிப்பணம்.

இமோஜனை ஒரு வருடம் என்னிடம் அனுப்பு. திங்கட்கிழமை காலையானால் அவளுக்கு வயிற்றுவலி என்றும் எழுதியிருந்தாய். தன் பள்ளிக்குக் குளிர்கால விடுமுறை விட்டபோது இங்கே ஒரு வாரம் பெலிண்டாவோடு வகுப்புக்குப் போனாளே, ஒரு நாளாவது வயிறு வலித்ததா? ஆசிரியர் கராஃபாவிடம் கேட்டுவிட்டேன். "தாராளமா வரட்டும், எனக்கும் பேச ஒரு ஆள் கிடைக்கும்" என்றார்.

தொலைபேசியில் கேட்டால் நழுவிவிடுவாய். எழுது.

இமோஜனுக்கு முத்தங்கள்.
உன் தங்கை,
ராஸ்லின்

மெல்பர்ன்
2 டிசம்பர் 1993

அன்புள்ள ராஸ்,

உன் கடிதத்தில் முதல் இரண்டு வரிகளைத் தாண்ட எனக்கு ஒரு வாரம் பிடித்தது. நாங்கள் மூவரும் நலம். நீங்களும் நலமாக இருக்க விரும்புகிறேன். கிளைவின் இடுப்புக்கு வெந்நீர்ப் பை, சிடுசிடுப்புக்கு என்னிடம் மருந்து இல்லை.

நான் கட்டும் பாலம் ஆறு மாதம் பின்தங்கியிருக்கிறது. காலையில் போனால் இருட்டுவதற்குள் வீடு திரும்பினாலே பெரிய விஷயம்.

யாரம்பக் பள்ளியை நான் மறக்கவில்லை. ஆனால் ஒரு வருடம் என்பது சின்ன விஷயம் இல்லை. பிலிப்பாவிடம் பேச வேண்டும், இமோஜனின் பள்ளியிலும் கேட்க வேண்டும். முடியாது என்று நான் சொல்லவில்லை. கொஞ்சம் அவகாசம் கொடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
டெஸ்

யாரம்பக்
12 டிசம்பர் 1993

அன்புள்ள டெஸ்,

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் பாலமும் விழாமல் இருக்க வேண்டும். "முடியாது என்று நான் சொல்லவில்லை" என்ற வரியைப் படித்துவிட்டு சமையலறையிலேயே ஒரு சுற்று ஆடினேன். கிளைவ், "குதிரை ஜெயிச்சிருச்சா?" என்றான்.

கூட்டத்தில் சொல்லிவிட்டேன். "பன்னிரண்டாவது ஆள் கிடைச்சாச்சு. எங்க அண்ணன் பொண்ணு." கைதட்டினார்கள். அந்தப் பதினோரு பேரில் இருவரான தங்கள் பிள்ளைகளைத் தூரத்துப் பள்ளிக்கு மாற்ற யோசித்துக்கொண்டிருந்த மெக்கிரிகோர் குடும்பம் அந்த இடத்திலேயே மனதை மாற்றிக்கொண்டது. கராஃபா வருகைப் பதிவேட்டில் இமோஜனின் பெயரைப் பென்சிலால் எழுதிவிட்டார். வந்ததும் மையால் எழுதுவாராம்.

போன ஞாயிறு, பள்ளிச் செலவுக்காக ஊர் விதைக்கும் வயலில் அறுவடை. எப்போதும்போல் ஆளுக்கொரு இயந்திரத்தோடு நான்கு பேர் வந்தார்கள். நாலாவது ஆள் யார் தெரியுமா? டெட் ஹாக்கிங். "கோதுமை அறுக்க வர்றேன். பசங்கள அனுப்புன்னு மட்டும் வாயத் தொறக்காத" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. சாண்ட்விச்தான் கொடுத்தேன். கூரைக்கு இந்த வருட விளைச்சல் போதும்.

நம் பள்ளி ஆசிரியை மிஸ் எல்லரி உன்னை மேலே படிக்க வைக்கச் சொல்லி அப்பாவிடம் மூன்று முறை சைக்கிளில் வந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்பா கேட்டார்: "கணக்குப் படிச்சா ஆட்டுக்குக் கம்பளி கூடுதலா வளருமா?" அந்த அம்மாள் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "வளராது மிஸ்டர் கார்மடி. ஆனா வாங்கறவன் உங்கள ஏமாத்தறது குறையும்." அப்பா கையெழுத்துப் போட்டது அந்த ஒரு பதிலுக்காகத்தான். அந்த அம்மாளுக்குச் சம்பளம் கொடுத்தது ஊரார் வரிப்பணம். உன் பாலங்களெல்லாம் நிற்பது அதன் மேல்தான், டெஸ்.

பெலிண்டா தன் அலமாரியில் பாதியைக் காலி செய்து வைத்திருக்கிறாள். தேதி எழுது, ரயிலடிக்கு வந்துவிடுகிறேன்.

எல்லாருக்கும் என் அன்பு.
ராஸ்

மெல்பர்ன்
22 டிசம்பர் 1993

அன்புள்ள ராஸ், கிளைவ், பெலிண்டா,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். பிறக்கும் ஆண்டு உங்களுக்கு மழையையும் ஆரோக்கியத்தையும் கொண்டுவரட்டும். நாங்கள் ஜனவரி நடுப்பகுதிவரை கடற்கரையில் இருப்போம். அங்கே தபால் வருவது சந்தேகம்.

அன்புடன்,
டெஸ், பிலிப்பா, இமோஜன்

யாரம்பக்
17 ஜனவரி 1994

அன்புள்ள டெஸ்,

கடலில் குளித்துக் கறுத்துத் திரும்பியிருப்பாய். இங்கே நாற்பத்து மூன்று டிகிரி. நான் நலம்.

வாழ்த்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் தேதி ஏதாவது எழுதியிருப்பாய் என்று நினைத்தேன்.

ஒரு நல்ல செய்தி. தானியம் சேமிக்கும் கோபுரத்தில் வேலைக்குப் புதிதாக ஓர் ஆள் வந்திருக்கிறான். பெயர் ‘தான்’. வியட்நாமிலிருந்து படகில் வந்தவன். மனைவி இல்லை. ஐந்து வயதில் லின் என்று ஒரு பெண் குழந்தை. சேர்த்துவிட்டோம். ஆக, பதினொன்று. இன்னும் ஒன்றுதான் வேண்டும்.

கிளைவ் வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறான். மாலையில் நானே பள்ளியைப் பெருக்கித் துடைக்கிறேன். துப்புரவுக்காரரின் வேலை நேரத்தைத் துறை பாதியாக வெட்டிவிட்டது. பெரியவர்கள் பெருக்கும்போது பள்ளிக்கூடம் ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது. முடித்ததும் சின்ன நாற்காலி ஒன்றில் கொஞ்ச நேரம் உட்காருவேன். வீட்டுக்கு அவசரமாகப் போய் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை.

பள்ளி பிப்ரவரி முதல் தேதி திறக்கிறது. எப்போது அனுப்புகிறாய்?

சுகமாக இரு.
ராஸ்

மெல்பர்ன்
30 ஜனவரி 1994

அன்புள்ள ராஸ்,

நலமா? இங்கே எல்லாரும் நலம்.

நீ எழுதிய எண்ணிக்கை எனக்குச் சரியாக வரவில்லை. நவம்பரில் பதினோரு பேர் என்றாய். இப்போது லின் சேர்ந்திருக்கிறாள். அப்படியானால் பன்னிரண்டு. நீ இன்னும் பதினொன்று என்றே எழுதுகிறாய். ஒன்று, உனக்கு இமோஜன் தேவையில்லை. அல்லது யாரோ போயிருக்கிறார்கள். உன் கடிதத்தை மறுபடி படித்தேன். பெலிண்டாவின் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. என்ன ஆயிற்று?

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் யாரையாவது புதிதாகச் சந்தித்தால் முதலில் கேட்பது, "நீங்க எந்த ஸ்கூல்?" நாற்பது வயதுக்காரனிடம் கேட்கிறார்கள். நான் யாரம்பக் என்பேன். "ஓ" என்பார்கள். பிறகு பேச்சு வானிலைக்குப் போய்விடும். பதினெட்டு வருடமாக அந்த "ஓ"வைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் மகள் அதைக் கேட்கக் கூடாது. என் மகள் உன் வாதத்துக்குச் சான்று அல்ல, ராஸ். ஒரு குழந்தையைத் தலைக்கணக்குக்காக அனுப்ப முடியாது.

செவ்வாய்க்கிழமை அவள் தன் பள்ளிக்குத் திரும்புகிறாள்.

பெலிண்டாவைப் பற்றி எழுது.
டெஸ்

யாரம்பக்
5 பிப்ரவரி 1994

டெஸ்,

நலம். நீங்களும் அப்படியே என்று எடுத்துக்கொள்கிறேன்.

பெலிண்டா ஜனவரி ஆறாம் தேதி கிளைவோடு மில்டியூரா போய்விட்டாள். அவனுக்கு அங்கே பழங்களைப் பெட்டியில் அடைக்கும் கொட்டகையில் மேற்பார்வை வேலை. திரும்பி வரமாட்டான். பெலிண்டாவை ஒரு தனியார் பள்ளியில் சேர்த்திருக்கிறான். தொப்பி வைத்த சீருடையில் படம் அனுப்பினாள். அழகாக இருக்கிறாள். காரணம் கேட்காதே.

அஞ்சலகத்தில் மர்லீன் கேட்டாள்: "உம் பொண்ணே இங்க இல்ல. இன்னும் எதுக்கு ராஸ் உனக்கு இந்தப் பாடு?"

"உன் வீட்ல தீப்பிடிக்கலேன்னு ஊர் தீயணைப்பு வண்டிய வித்துடுவியா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணேதான். ஸ்டாம்பக் குடு."

நீ "ஓ" என்று எழுதியதை நான் சிரித்து ஒதுக்கவில்லை. அது வலிக்கும். ஆனால் அப்படிச் சொல்கிறவர்களின் வரிசையிலேயே உன் மகளை நிற்க வைத்திருக்கிறாய். நாளைக்கு அவள் லின்னிடம் "ஓ" என்பாள்.

லின்னைப் பற்றிச் சொல்கிறேன். முதல் நாள் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். யாரும் இழுக்கவில்லை. ஆறாம் வகுப்பு கோடி மெக்கிரிகோர், ஆடு மேய்க்கும்போதுகூட வாய் ஓயாத பயல், ஒரு படப் புத்தகத்தோடு தானும் அடியில் நுழைந்துவிட்டான். "சார், நாங்க இங்கயே பாடம் படிச்சுக்கறோம்." நான்காம் நாள் இருவரும் வெளியே வந்தார்கள். மாலையில் அழைத்துப்போக வரும் லின்னின் அப்பா வாசலிலேயே நிற்பான். கராஃபா அவனுக்கும் ஒரு நாற்காலி போட்டார். இப்போது மகளின் புத்தகத்தையே அவனும் விரல் வைத்து வாசிக்கிறான். அந்தக் கதவில் அவனிடம் என்ன மதம், எவ்வளவு கட்டுவாய், பிள்ளைக்குப் பரீட்சை வைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. பெயர் மட்டும்தான் கேட்டார்கள். இமோஜனைச் சேர்க்க உன்னையும் பிலிப்பாவையும் இரண்டு மணி நேரம் நேர்காணல் செய்தார்களே, அதில் என்ன கேட்டார்கள்?

நான் கேட்பது சான்று அல்ல. ஒரு மேசை காலியாக இருக்கிறது. உன் மகளுக்கு அது பிடித்திருந்தது. இருபது நாள் இருக்கிறது.

பதில் போடு.
ராஸ்

மெல்பர்ன்
23 பிப்ரவரி 1994

அன்புள்ள ராஸ் அத்தைக்கு,

நீங்கள் நலமா? நான் நலம். வயிற்றில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை மட்டும் வலிக்கிறது. இப்போது சில செவ்வாய்க்கிழமைகளிலும்.

உங்கள் பள்ளியில் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள் என்று அப்பா சொன்னார். எனக்கு இடம் இல்லையாம். பரவாயில்லை. எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் யாராவது வேறு ஊருக்குப் போய்விட்டால் எனக்கு எழுதுவீர்களா? பெட்டியை நான் இன்னும் பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

பெலிண்டா ஏன் எனக்கு எழுதுவதில்லை? அலமாரியில் எனக்கு ஒதுக்கிய பாதியில் அவளே துணி வைத்துக்கொள்ளட்டும். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லுங்கள்.

இந்தக் கடிதம் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. தபால்தலை நானே வாங்கினேன்.

உங்கள் அன்புள்ள,
இமோஜன்

யாரம்பக்
2 மார்ச் 1994

டெஸ்,

உன் உடல்நலத்தை இன்று விசாரிக்கப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். நல்ல மனிதர், அதனால் கோபப்படக்கூட முடியவில்லை. நாங்கள் சுட்ட லாமிங்டன் கேக்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு, "எங்க அம்மா பண்ற மாதிரியே இருக்கு" என்றார். லின்னின் அப்பா வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுச் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான். டெட் ஹாக்கிங்கூட வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் உட்கார்ந்திருந்தான்.

கராஃபா பதிவேட்டை வாசித்தார். பதினோரு பெயர், பதினோரு குரல். பிறகு அவர் நிறுத்தவில்லை. பென்சிலில் இருந்ததையும் வாசித்தார். "இமோஜன் கார்மடி."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லின் கையைத் தூக்கினாள். "சார், நான் வேணா ரெண்டு தடவ வந்திருக்கேன்."

அதிகாரி சிரித்துவிட்டார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பதினொண்ணு" என்று எழுதினார். "மன்னிச்சுக்குங்கம்மா. என் கையில இருக்கறது பேனா மட்டும்தான்" என்று வாசலில் என்னிடம் சொன்னார். அந்தப் பேனாதான் எங்களைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. கேக்கைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை உன் மகளின் கடிதம் வந்தது. நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். இடம் இல்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறாய்.

ஊர் தூரம் என்று சொல்லியிருக்கலாம். அம்மா விடமாட்டாள் என்று சொல்லியிருக்கலாம். அரசுப் பள்ளி எனக்கு அவமானம் என்றே சொல்லியிருக்கலாம், அதிலாவது நேர்மை இருந்திருக்கும். நூற்றியெட்டு வருடத்தில் இடம் இல்லை என்று ஒரு பிள்ளையையும் திருப்பியனுப்பாத பள்ளிக்கூடத்தின்மேல் அந்தப் பழியைப் போட்டாய்.

காரணம் கேட்காதே என்று எழுதினேனே, அதை இப்போது சொல்கிறேன். பெலிண்டாதான் ஆறாம் வகுப்பில் ஒரே பெண். கிளைவ் கிளம்பிய வாரம் என்னிடம் சொன்னாள்: "இமோஜன் வந்தா நான் உங்கூடவே இருக்கேன்மா. வரலேன்னா அப்பாகூடப் போறேன். யாருமே இல்லாம ஒரு வருஷம் என்னால முடியாது." ஐந்தாம் தேதிவரை தினமும் அஞ்சலகம் போனேன். நீங்கள் கடற்கரையில் இருந்தீர்கள். இதை முன்பே எழுதியிருந்தால் நீ இரக்கப்பட்டு அனுப்பியிருப்பாய். எனக்காக அனுப்புவதை நான் விரும்பவில்லை. பள்ளிக்காக, அவளுக்காக அனுப்ப வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அது என் முட்டாள்தனம். அதன் பலனை இரண்டு கட்டில் உள்ள அறையில் ஒவ்வொரு நாளும் விரிப்பு மாற்றும்போது பார்க்கிறேன்.

இமோஜனுக்கு நான் பதில் எழுதவில்லை. உண்மையை நான் எழுதினால் அவள் அப்பாவைப் பொய்யன் என்று சொன்னதாகும். எழுதாமல் விட்டால் நானும் உன் பொய்யில் பங்கு. அவளிடம் நீயே சொல். இடம் இருந்தது, அவள் பெயர் பதிவேட்டில் எழுதியிருந்தது, அதை வாசித்தார்கள் என்று சொல். சொன்னதாக எனக்கு எழுது.

ராஸ்லின்

யாரம்பக்
20 மார்ச் 1994

டெஸ்,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இரண்டு வாரத்துக்குமேல் ஆகிறது. கடிதம் கிடைத்ததா என்பதற்காவது ஒரு வரி போடு.

ராஸ்

யாரம்பக்
9 ஏப்ரல் 1994

டெஸ்,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? உன் அலுவலகத்தில் தொலைபேசியில் கேட்டேன். நீ தினமும் வருவதாகவும் நன்றாக இருப்பதாகவும் சொன்னார்கள். என் பெயரைக் குறித்துக்கொண்டார்கள்.

நேற்று பள்ளியைப் பூட்டினார்கள். மேசைகளை லாரியில் ஏற்றினோம். டெட் ஹாக்கிங் உலக வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு நின்றான். "இத எங்க வைக்கிறது ராஸ்?" என்று மூன்று முறை கேட்டான். "உன் பசங்க ஸ்கூல்ல வேற மேப் இருக்கும், இத உன் தலையில வச்சுக்கோ" என்றேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவனும் சுருளைக் கீழே வைக்கவில்லை.

விடுமுறை முடிந்ததும் லின்னுக்குப் பேருந்து காலை ஏழுக்கு. அந்தப் பள்ளியும் அரசுப் பள்ளிதான். அங்கேயும் தலை எண்ண வருவார்கள். அதன் குழுவில் ஓர் இடம் காலியாம், விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அங்கே படிக்க எனக்குப் பிள்ளை இல்லையே என்று கேட்டார்கள். பதினொன்று இருக்கிறது என்றேன்.

இமோஜனின் கடிதம் இன்னும் என் சமையலறை மேசையில் இருக்கிறது. நாற்பது நாளாகப் பதிலுக்குக் காத்திருக்கிறாள். பிள்ளைகளுக்கு நாற்பது நாள் என்பது எவ்வளவு என்று உனக்குத் தெரியும்.

அவளிடம் சொன்னாயா? ஒரு வார்த்தை போதும். சொன்னேன், அல்லது சொல்லவில்லை. எழுது.

ராஸ்